இயங்குதளப் பாடத்துக்கு மினி ப்ராஜெக்ட் தேர்ந்தெடுத்தல்: கடலூர்க் கல்லூரி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கடலூருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு தன்னாட்சிப் பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் துறை ஆசிரியை நான். எங்கள் பாடத்திட்டத்தில் இயங்குதளப் பாடம் மூன்றாம் ஆண்டின் முதல் செமஸ்டரில், ஜூலை முதல் டிசம்பர் வரை வருகிறது. அந்தப் பாடத்தின் மினி ப்ராஜெக்டுக்கு 2023இல் என்ன கொடுத்தோம், 2024இல் ஏன் மாற்றினோம், மாற்றியதில் என்னென்ன நடந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். இதே பாடத்தை எடுக்கும் மற்றவர்களுக்கு உதவும் என்ற எண்ணத்தில் எழுதுவதால், சரியாக வந்ததோடு தவறிப்போனதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். யாருடைய பெயரும் இதில் இல்லை.

மாணவர்களைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, புவனகிரி, பரங்கிப்பேட்டை, அந்தப் பக்கம் பாகூர் என்று பல ஊர்களிலிருந்து வருகிறார்கள். பாதிக்கு மேல் தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள். கல்லூரிப் பேருந்து மாலை நாலரைக்குக் கிளம்பிவிடும்; அதற்குமேல் லேபில் உட்கார வழியில்லை. சொந்தமாக மடிக்கணினி வைத்திருப்பவர்கள் சுமார் பாதிப் பேர். அவற்றிலும் சில, அண்ணனுக்கோ அக்காவுக்கோ பள்ளியில் கிடைத்த பழைய அரசு மடிக்கணினிகள். எந்த ப்ராஜெக்டைக் கொடுக்கலாம் என்பதைப் பாடப்புத்தகத்தைவிட இந்த விவரங்கள்தான் அதிகம் தீர்மானித்தன.

2023இல் கண்டது

அந்த ஆண்டு 22 தலைப்புகள் கொண்ட ஒரு பட்டியலை ஒட்டி, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றோம். வந்த ப்ராஜெக்டுகளில் பாதிக்கு மேல் ஒரே வகை: சிபியு ஷெட்யூலிங் (செயலியில் அடுத்து எது ஓடும் என்று முடிவு செய்வது) சிமுலேஷன். எத்தனை ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) என்று கேட்கும், ஒவ்வொன்றின் பர்ஸ்ட் டைமை (செயலி தேவைப்படும் நேரம்) கேட்கும், கடைசியில் எது எப்போது ஓடியது என்ற கான்ட் சார்ட் வரைந்து சராசரிக் காத்திருப்பு நேரத்தைக் காட்டும். இதே நிரல் எங்கள் லேப் ரெக்கார்டு நோட்டிலும் இருக்கிறது. மூன்று அணிகளின் நிரலில் அவுட்புட்டில் வரும் எழுத்துப்பிழைகூட ஒன்றுபோல இருந்தது. ஊரில் ப்ராஜெக்ட் சென்டர்கள் இருக்கின்றன. பணம் கொடுத்தால் ரிப்போர்ட்டும் பிபிடியும் சேர்த்தே கிடைக்கும். அதற்காக மாணவர்களைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. வாங்கிக்கொண்டு வந்து காட்டினால் போதும் என்ற அளவில் ஒரு வேலையைக் கொடுத்தது நாங்கள்தான்.

வைவாவில் நன்றாகப் படிக்கும் ஒரு பையனிடம், “நீ எழுதினியே அந்த ஷெட்யூலர், நிஜமான மெஷின்ல அது எப்பப்பா ஓடும்?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “நாம ரன் கொடுக்கும்போது, மேம்” என்றான். அவன் நிரலைப் பொறுத்தவரை அது சரியான பதில். டைமர் இன்டரப்ட் (குறித்த இடைவெளியில் செயலிக்கு வரும் குறுக்கீடு) வந்து ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸை நிறுத்துகிறது, அப்போதுதான் ஷெட்யூலருக்கு வேலை வருகிறது என்பதை அவன் தேர்வில் பத்தியாக எழுதுவான். ஆனால் அவன் கையால் செய்த வேலையில் இன்டரப்ட் என்று ஒன்று இல்லவே இல்லை.

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இதே யோசனை. சிமுலேஷன் மாணவரை மறுத்துப் பேசுவதில்லை. அவர் என்ன நினைத்து எழுதினாரோ அதையே திருப்பிக் காட்டுகிறது. பட்டினி நிலை (ஒரு ப்ராசஸுக்கு முறையே வராமல் போவது) வந்தால் அது அட்டவணையில் ஒரு பெரிய எண், அவ்வளவுதான்; எதுவும் நின்றுபோகாது.

இரண்டு அணிகள் வேறு வழியில் போனார்கள். ஒன்று லினக்ஸ் கர்னலையே (இயங்குதளத்தின் மையப் பகுதி) இறக்கி, மெய்நிகர் இயந்திரத்துக்குள் கம்பைல் செய்யப் பார்த்தது. ஒரு நாள் முழுக்க ஓடி, வட்டு நிரம்பி நின்றது. இன்னொன்று ப்ராக் கோப்பில் (கர்னல் தன் நிலையைக் காட்டப் பயன்படுத்தும் கோப்பு) தகவல் காட்டும் ஒரு சின்ன கர்னல் மாட்யூல் (கர்னலோடு சேரும் துண்டு நிரல்) எழுதியது. அது நல்ல வேலை. ஆனால் இணையத்தில் கிடைத்த மாதிரி நிரல் எதுவும் அவர்களிடம் கம்பைல் ஆகவில்லை. கர்னல் 5.6 பதிப்பிலிருந்து ப்ராக் கோப்புகளுக்குத் தனி அமைப்பு வந்துவிட்டது, மாதிரிகளோ அதற்கு முந்தையவை. இது தெரியாமலே மூன்று வாரம் போனது. கற்க வேண்டியது ஒன்று, நேரத்தைத் தின்றது வேறொன்று.

என்ன முடிவெடுத்தோம், ஏன்

2024 ஏப்ரலில் நானும் இன்னொரு ஆசிரியரும் லேப் உதவியாளரும் உட்கார்ந்து பேசினோம். அந்த உதவியாளரை மாணவர்கள் எல்லாரும் ‘லேப் அண்ணா’ என்றுதான் கூப்பிடுவார்கள். இங்கே நானும் அப்படியே எழுதுகிறேன். தவறாக எழுதினால் கண்ணெதிரே உடையவேண்டும், உடைந்த இடத்தை ஒரு மாணவர் தேடிக் கண்டுபிடிக்கும் அளவுக்குச் சிறியதாகவும் இருக்கவேண்டும். எங்களுக்குத் தேவைப்பட்ட ப்ராஜெக்ட் அப்படிப்பட்டது.

லினக்ஸ் இரண்டாவது நிபந்தனையில் விழுந்துவிட்டது. கோடிக்கணக்கான வரிகளில் உடைந்த இடத்தைத் தேடச் சொல்வது நியாயமில்லை. பெர்க்லியில் 1992இல் உருவான நாச்சோஸ் என்ற பயிற்சி இயங்குதளத்தைப் பார்த்தோம். அதில் கர்னல் ஒரு சாதாரண ப்ராசஸாக ஓடுகிறது, கீழே மிப்ஸ் என்ற செயலி வகையின் சிமுலேட்டர். சி++ வேறு, எங்கள் மாணவர்களுக்கு சி-யே இன்னும் முழுதாகப் படியவில்லை. ஸ்டான்ஃபோர்டின் பின்டோஸ் 2004இல் வந்தது. த்ரெட் (தனித்து ஓடும் இழை), பயனர் நிரல்கள், மெய்நிகர் நினைவகம், கோப்பு முறைமை என்று நான்கு பெரிய ப்ராஜெக்டுகள். அருமையான அமைப்பு, ஆனால் ஒரு செமஸ்டரில் ஐந்து தாள்களோடு சேர்த்துச் சுமக்க எங்கள் பிள்ளைகளால் முடியாது என்று தோன்றியது.

கடைசியில் எக்ஸ்வி6 என்று முடிவாயிற்று. டென்னிஸ் ரிச்சியும் கென் தாம்சனும் எழுதிய யூனிக்ஸின் ஆறாம் பதிப்பை (1975) அடியொற்றி எம்ஐடியில் 2006இல் பாடத்துக்கென்றே எழுதிய கர்னல் அது. 2019இலிருந்து ரிஸ்க்-ஃபைவ் செயலிக்கு மாறியிருக்கிறது. மொத்தக் கர்னலும் பத்தாயிரம் வரிக்குள் அடங்கிவிடும். அச்செடுத்து மேசைமேல் வைத்துப் புரட்டலாம். கீமு என்ற எமுலேட்டரில் (ஒரு கணினியை மென்பொருளாலேயே நடித்துக்காட்டுவது) 128 எம்பி நினைவகத்தில் ஓடுகிறது. பழைய அரசு மடிக்கணினியில் போட்டுப் பார்த்தோம், சிரமமில்லாமல் ஓடியது. என்னைப் பொறுத்தவரை முடிவு அங்கேயே உறுதியாகிவிட்டது.

துறையில் மூத்த ஒருவர் எதிர்த்தார். “ப்ளேஸ்மென்ட்ல எக்ஸ்வி6 பத்தி எவன்மா கேக்கப் போறான்? ஆண்ட்ராய்டு ஆப் பண்ணேன்னு ரெஸ்யூமில போட்டாலாவது ஒரு மதிப்பு” என்றார். அவர் சொன்னதைத் தள்ளிவிட முடியாது. வேலை கிடைப்பது இந்தக் குடும்பங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு செமஸ்டர் பார்க்கலாம் என்ற ஒப்பந்தத்தில் சம்மதித்தார்.

அதற்குப் பிறகு செய்ததுதான் இந்த மாற்றத்திலேயே பயன்பட்ட வேலை என்று இப்போதும் நினைக்கிறேன். கோடை விடுமுறையில் மாணவர்களுக்குக் கொடுக்க நினைத்த ஐந்து ப்ராஜெக்டுகளையும் நானே செய்து பார்த்தேன், எங்கள் லேப் மெஷினிலேயே. நெட்வொர்க் கார்டுக்கான டிரைவரை ஒன்பது நாளில் பாதிகூடத் தாண்டவில்லை. கர்னல் த்ரெட் சேர்க்கும் வேலை முடிந்தது, ஆனால் அது ஏன் ஓடுகிறது என்று எனக்கே முழுதாக விளங்கவில்லை. அந்த இரண்டையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். மிஞ்சியவை மூன்று:

முதலாவது, முன்னுரிமை ஷெட்யூலர். எக்ஸ்வி6 வரிசையாக ஒவ்வொரு ப்ராசஸுக்கும் முறை கொடுக்கும். அதை மாற்றி முன்னுரிமை சேர்த்து, காத்திருப்பவருக்கு முன்னுரிமை கூடும்படியும் செய்ய வேண்டும். இரண்டாவது, பெரிய கோப்புகள். எக்ஸ்வி6இல் ஒரு கோப்பு 268 ப்ளாக்குக்கு (வட்டின் ஒரு துண்டு) மேல் வளராது. 12 நேரடி முகவரி, முகவரிகள் மட்டும் நிறைந்த ஒரு ப்ளாக் வழியாக மறைமுகமாக 256. ப்ளாக் ஒன்றுக்கு 1024 பைட். நேரடி முகவரி ஒன்றைக் குறைத்து, இரட்டை மறைமுக முகவரி (அத்தகைய ப்ளாக்குகளின் முகவரிகள் நிறைந்த ப்ளாக்கைக் காட்டுவது) ஒன்றைச் சேர்த்தால் 65,803 ப்ளாக் வரை போகும். மூன்றாவது, எழுதும்போது மட்டும் நகலெடுக்கும் ஃபோர்க் (ஒரு ப்ராசஸ் தன்னைப்போல் இன்னொன்றை உருவாக்குவது). தாய் ப்ராசஸும் சேய் ப்ராசஸும் ஒரே நினைவகப் பக்கங்களைப் பகிர்ந்துகொள்ளும். யாராவது எழுதப் போனால் பேஜ் ஃபால்ட் (அனுமதியில்லாத பக்கத்தைத் தொட்டதாகச் செயலி கர்னலுக்குச் சொல்வது) வரும், அப்போது மட்டும் நகல் எடுக்க வேண்டும்.

இந்த மூன்றில் ஒன்றைத் தொடுவதற்கு முன் எல்லோருக்கும் பொதுவாக ஒரு அடிப்படை வேலை: ஒரு ப்ராசஸ் இதுவரை எத்தனை சிஸ்டம் கால் (கர்னலிடம் ஒரு வேலையைக் கேட்பது) செய்திருக்கிறது என்று சொல்லும் புது சிஸ்டம் கால் ஒன்று. இவற்றில் சிலவற்றின் விடை இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது, ஏஐ சாட்பாட்டிடம் கேட்டாலும் எழுதித் தரும் என்பது தெரிந்ததுதான். அதனால் 20 மதிப்பெண்ணில் 8 மதிப்பெண்ணை ‘மாற்றக் கேள்வி’க்கு வைத்தோம். வைவா அன்று அணியின் நிரலிலேயே ஒரு சின்ன மாற்றம் சொல்வோம், நாற்பது நிமிடத்தில் செய்து காட்ட வேண்டும். தமிழில் விளக்கலாம் என்பதையும் எழுத்திலேயே கொடுத்தோம்.

ஆகஸ்ட், செப்டம்பர்: அடிப்படை வேலை

58 மாணவர்கள், 19 அணிகள். லேப் மெஷின்களில் விண்டோஸ்தான் இருந்தது. எனவே துறையின் எட்டு கோர் (செயலிக்குள் தனித்தனியாக வேலை செய்யும் மையம்) கொண்ட சர்வரில் லினக்ஸ் போட்டு, எல்லாரும் அதற்குள் போய் வேலை செய்யும்படி லேப் அண்ணா அமைத்துக் கொடுத்தார்.

முதல் லேப் வகுப்பில் இருபது நிமிடத்தில் சர்வர் முடங்கியது. விசிறிச் சத்தம் வராந்தா வரை கேட்டது. லேப் அண்ணா பார்த்துவிட்டு, “ஒவ்வொரு கீமுவும் முந்நூறு பர்சன்ட் சாப்பிடுது மேடம்” என்றார். எக்ஸ்வி6 வழக்கமாக மூன்று கோர் வைத்துக்கொண்டு ஓடும். நாங்கள் எடுத்திருந்த பதிப்பில் செய்ய வேலை இல்லாத கோரும் அடுத்த ப்ராசஸைத் தேடிச் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். 19 அணிக்கு 57 கோர் கேட்கிறது, இருப்பதோ எட்டு. அன்று மாலையே ஒரே கோரில் ஓட்டும்படி ஒரு சுருக்கக் கட்டளை எழுதிச் சர்வரில் போட்டுவிட்டோம். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். டிசம்பரில் அது திரும்பி வந்தது.

அடிப்படை வேலை பார்ப்பதற்குச் சின்னது. ஆனால் ஒரு சிஸ்டம் கால் சேர்க்கவே ஐந்து கோப்புகளைத் தொட வேண்டும்: எண் ஒரு இடத்தில், அட்டவணை ஒரு இடத்தில், பயனர் பக்க அறிவிப்பு ஒரு இடத்தில். ஏன் நேராக ஃபங்ஷனைக் கூப்பிடக் கூடாது என்று எல்லாரும் கேட்டார்கள். பயனர் நிலையிலிருந்து கர்னல் நிலைக்குக் கடக்கும் பாதையை நான் பலகையில் வரைந்துகொண்டிருந்தபோது, பாகூரிலிருந்து வரும் ஒரு பெண், “முள்ளோடை செக்போஸ்ட் மாதிரி, மேம்” என்றாள். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் போகும் யாருக்கும் அந்த இடம் தெரியும். எந்த வண்டியும் அந்த வழியாகத்தான் போகவேண்டும், நிற்கச் சொன்னால் நிற்கவேண்டும். நினைவகப் பக்கங்கள் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் அட்டவணை எக்ஸ்வி6இல் பயனருக்கு ஒன்று, கர்னலுக்கு ஒன்று; இரண்டிலும் ஒரே முகவரியில் இருக்கும் ஒரு நினைவகப் பக்கம் உண்டு. கடக்கும் நிரல் அங்கேதான் இருக்கிறது. அட்டவணை மாறும் நொடியிலும் காலடி நிலம் மாறாமல் இருப்பதற்காக அப்படி. அதன்பின் வகுப்பு முழுவதும் அந்தப் பக்கத்துக்கு முள்ளோடை என்றே பெயர். ஓர் அணி தன் குறிப்புரையிலும் அப்படியே எழுதியிருந்தது, நான் திருத்தவில்லை.

எண்ணிக்கை வந்தது, ஆனால் தப்பாக வந்தது. நிரலை இரண்டாம் முறை ஓட்டினால் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. 19 அணியில் 15 அணிக்கு இதே கதை. எக்ஸ்வி6இன் ப்ராசஸ் அட்டவணையில் 64 இடங்கள்தான். ஒரு ப்ராசஸ் முடிந்ததும் அதே இடத்தை அடுத்தது எடுத்துக்கொள்ளும். பழையதன் கணக்கை யாரும் அழிக்காததால் அது புதியதன் தலையில் ஏறிக்கொண்டது. ப்ராசஸ் என்பது ஒரு நிரல் மட்டுமில்லை, கர்னலுக்குள் அதற்கு ஓர் இடம் உண்டு, அந்த இடத்துக்குப் பழைய குடித்தனக்காரர் உண்டு என்பதை நான் வகுப்பில் சொல்லி விளங்க வைத்ததே இல்லை. இந்தப் பிழை விளங்க வைத்தது.

அக்டோபர், நவம்பர்: தேர்ந்தெடுத்த வேலை

ஷெட்யூலரை ஒன்பது அணிகளும் பெரிய கோப்புகளை ஏழு அணிகளும் எடுத்தன. ஃபோர்க்கை எடுத்தது மூன்றே அணிகள்.

ஷெட்யூலர் அணிகளில் நடந்த ஒன்றை விரிவாகச் சொல்கிறேன். பரங்கிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வரும் மூன்று பெண்கள் ஒரு அணி. முன்னுரிமை சேர்த்துவிட்டு, சும்மா சுற்றும் ஒரு நிரலைப் பின்னணியில் உயர்ந்த முன்னுரிமையோடு ஓட விட்டார்கள். அதன்பின் மெஷின் நின்றுவிட்டது. ஆனால் முழுதாக நிற்கவில்லை. “டைப் பண்ணா எழுத்து வருது மேம், என்டர் தட்டினா ஒண்ணும் ஓடல” என்றார்கள். கீபோர்டு வேலை செய்கிறது என்றால் கர்னல் உயிரோடு இருக்கிறது. அப்புறம் ஏன் கட்டளை ஓடவில்லை?

நான் விடை சொல்லவில்லை, இரண்டு நாள் விட்டேன். மூன்றாம் நாள் அவர்களே வந்து சொன்னார்கள். தட்டிய எழுத்தைத் திரையில் காட்டுவது இன்டரப்டைக் கையாளும் நிரல். அது யாருடைய முறைக்கும் காத்திருப்பதில்லை. கட்டளையைப் படித்து ஓட்டுவது ஷெல். ஷெல்லும் மற்றவற்றைப்போல ஒரு ப்ராசஸ்தான், அதுவும் தாழ்ந்த முன்னுரிமையில் இருப்பது. அதற்கு முறையே வரவில்லை. பட்டினி நிலை என்பது அந்த மூன்று பேருக்கும் இனி ஒரு அட்டவணை எண் இல்லை. போன வருடம் வைவாவில் நான் கேட்ட கேள்விக்கு, நான் கேட்காமலே அவர்கள் பதில் சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது எழுதும்போதும் உணர்கிறேன்.

பெரிய கோப்பு வேலை எதிர்பார்த்ததைவிடச் சுலபம். நான்கு அணிகள் பத்து நாளில் முடித்துவிட்டன. எல்லாருக்கும் பொதுவான பிழை ஒன்றுதான்: எழுதும் பகுதியை மாற்றினார்கள், கோப்பை அழிக்கும் பகுதியை மாற்ற மறந்தார்கள். ஒருமுறை பெரிய கோப்பை உருவாக்கி, அழித்து, மறுபடி உருவாக்கப் போனால் வட்டில் இடமில்லை என்று வரும். இது தெரிந்ததும் அரை மணி நேர வேலை. மற்ற அணிகளோடு ஒப்பிட்டால் இந்த ஏழு அணிகளுக்குக் கிடைத்தது குறைவு. அது தேர்வில் நான் செய்த பிழை.

ஃபோர்க் அணிகள் நேரெதிர். பாடுபட்டார்கள். பயனர் நிரல் எழுதும்போது வரும் பேஜ் ஃபால்ட்டைப் பிடித்தார்கள். ஆனால் கர்னலே பயனரின் நினைவகப் பக்கத்தில் எழுதும் இடங்களில் அந்த ஃபால்ட் வராது என்பதைக் கண்டுபிடிக்கவே இரண்டு வாரம் ஆனது. ஒரு நாள் பிழைச் செய்தியில் முகவரி 01010101 என்று வரிசையாக வந்ததைப் பார்த்து ஒரு பையன் ஓடி வந்தான். எக்ஸ்வி6 ஒரு பக்கத்தை விடுவிக்கும்போது அதை 1 என்ற பைட்டால் நிரப்பிவிடும், விடுவித்த பிறகும் யாராவது அதைத் தொட்டால் காட்டிக்கொடுப்பதற்காக. பகிர்ந்துகொண்ட பக்கத்தைச் சேய் முடிந்ததும் விடுவித்துவிட்டார்கள், தாய் இன்னும் அதில் குடியிருந்தது.

நவம்பர் 30: ஃபெஞ்சல்

டிசம்பர் 2, 3 தேதிகளில் இறுதி ரிவ்யூ வைத்திருந்தோம். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்கு மழை. அடுத்து சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் வந்து கடலூர்ப் பக்கம் ஆற்றங்கரை ஊர்களுக்குள் புகுந்தது. ரிவ்யூவை டிசம்பர் 18, 19க்குத் தள்ளினோம்.

ஆற்றங்கரை ஊரில் வீடு உள்ள ஒரு மாணவனின் மடிக்கணினி தண்ணீரில் போய்விட்டது. பெரிய கோப்பு அணி. சர்வரில் அவர்கள் கடைசியாகச் சேமித்தது நவம்பர் 15 வரை செய்ததுதான். வீட்டில் அரிசி மூட்டையே நனைந்து கிடக்கும்போது ப்ராஜெக்டைப் பற்றி நான் என்ன பேசுவது? பாதி வேலைக்கே மதிப்பெண் போட்டுவிடுகிறேன் என்று சொல்லத்தான் போன் செய்தேன். “வேணாம் மேம், என்ன செஞ்சோம்னு தெரியும், திரும்ப எழுதிடறோம்” என்றான். கல்லூரி திறந்தபின் ஐந்து நாளில் எழுதி முடித்தார்கள். அதே வாரம் அவன் ஒரு கேள்வியும் கேட்டான்: “எழுதிட்டு இருக்கும்போதே கரண்ட் போயிட்டா, எக்ஸ்வி6ல அந்த ஃபைல் என்ன ஆகும்?”

ரிவ்யூவில் நடந்தது

ரிவ்யூவுக்குப் புதுச்சேரியிலிருந்து வேறொரு கல்லூரி ஆசிரியை வந்திருந்தார். ஒவ்வொரு அணியின் நிரலையும் தன் மடிக்கணினியில் இறக்கி ஓட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். எங்கள் ஒரு கோர் கட்டளை சர்வரில் மட்டும்தான் இருந்தது, நிரலோடு போகவில்லை. அவர் மெஷினில் எக்ஸ்வி6 வழக்கம்போல மூன்று கோரில் ஓடியது.

மூன்று ஃபோர்க் அணிகளில் இரண்டு அங்கேயே விழுந்தன. ஒரு பக்கத்தை எத்தனை பேர் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள் என்ற எண்ணைப் பூட்டு (ஒரு நேரத்தில் ஒரு கோரை மட்டும் மாற்றவிடும் ஏற்பாடு) இல்லாமல் மாற்றியிருந்தார்கள். இரண்டு கோர்கள் ஒரே நேரத்தில் 2 என்று படிக்கும், இரண்டும் 1 என்று எழுதும். கடைசி ஆள் போனபின்னும் பக்கம் விடுபடாது. எக்ஸ்வி6இன் சோதனை நிரல், காலிப் பக்கங்கள் சில தொலைந்துவிட்டன என்று சொல்லி நின்றது. ஒரே கோரில் இந்த மோதல் மிக அரிதாகத்தான் வரும். மூன்று மாதமாக அவர்கள் கண்ணில் ஒருமுறைகூடப் படவில்லை. ஷெட்யூலர் அணிகளில் ஒன்றுக்கும் இதே நிலை.

அந்த மாணவர்களின் முகம் வாடியதைப் பார்த்து மனம் கஷ்டப்பட்டது. பூட்டு போடாதது அவர்கள் பிழை. அந்தப் பிழை தெரியவே முடியாத இடத்தில் அவர்களை மூன்று மாதம் வேலை செய்ய வைத்தது என் பிழை. தவறினால் கண்ணெதிரே உடையவேண்டும் என்ற நிபந்தனையோடு தொடங்கிவிட்டு, சர்வரைக் காப்பாற்றுவதற்காக அதை நானே அணைத்து வைத்திருந்தேன். இதை அவர்களிடமும் வந்த ஆசிரியையிடமும் அப்போதே சொன்னேன். மறுநாள் காலை வரை நேரம் கொடுத்தோம். ஃபோர்க் அணிகளில் ஒன்றும் ஷெட்யூலர் அணியும் சரிசெய்துவிட்டன. மற்றதால் முடியவில்லை. அவர்களுக்கும் பிழையை விளக்கியதற்கு முழு மதிப்பெண் கொடுத்தோம்.

மாற்றக் கேள்வியை 19 அணிகளில் 13 அணிகள் நேரத்துக்குள் முடித்தன. “இரட்டை மறைமுகம் இன்னொன்று சேர்த்தால் எத்தனை ப்ளாக் வரும், செய்து காட்டுங்கள்” என்பது கோப்பு அணிகளுக்கான கேள்வி. நேரடி முகவரி பத்தாகக் குறைந்து 1,31,338 என்று மடிக்கணினியை இழந்த அணி தாளில் முதலில் கணக்குப் போட்டுவிட்டு அப்புறம் கீபோர்டைத் தொட்டது. முடிக்காத ஆறில் இரண்டு அணிகளுக்குத் தங்கள் நிரலில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லை. அது வெளியிலிருந்து வந்த நிரல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. போன வருடம் இதைக் கண்டுபிடிக்க வழியே இருந்ததில்லை.

வேலைவாய்ப்பு பற்றிய மூத்தவரின் கேள்விக்கு என்னிடம் இன்னும் முழுப் பதில் இல்லை. பரங்கிப்பேட்டை அணியில் ஒரு பெண் தன் நேர்காணலில் ஷெல் நின்றுபோன கதையைச் சொன்னதாகவும், கேட்டவர் அதைப் பற்றியே கால் மணி நேரம் பேசியதாகவும் சொன்னாள். ஒருத்தியை வைத்து எதையும் நிறுவ முடியாது. அவரிடமும் இப்படித்தான் சொன்னேன்.

2025க்கு மாற்றியவை

பகலில் ஒரு கோர்தான், சர்வர் தாங்காது. ஆனால் இரவு பதினொரு மணிக்கு எல்லா அணிகளின் நிரலையும் ஒவ்வொன்றாக எடுத்து மூன்று கோரில் முழுச் சோதனை ஓட்டும்படி லேப் அண்ணா ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறார். முடிவு காலையில் லேப் கதவில் ஒட்டப்படும். சோதனைக்கு நிரல் சர்வரில் இருந்தாக வேண்டும் என்பதால், தினமும் சேமிப்பது தனியாகச் சொல்லாமலே நடக்கும்.

கோப்பு ப்ராஜெக்டுக்கு இரண்டாம் பகுதி சேர்ந்திருக்கிறது. அது அந்தப் பையனின் கேள்விதான். எக்ஸ்வி6 எந்த மாற்றத்தையும் முதலில் வட்டில் ஒரு தனிப் பதிவேட்டில் எழுதி, அது முழுமையானபின்தான் உரிய இடத்துக்கு நகர்த்தும். மறுபடி பூட் ஆகும்போது பதிவேட்டைப் பார்த்து, முடிந்ததை முடித்து வைக்கும், அரைகுறையை விட்டுவிடும். பாதியில் கீமுவை நிறுத்திவிட்டு, எது பிழைத்தது எது போனது என்று காட்ட வேண்டும். இந்த முறையும் நானே முதலில் செய்து பார்த்தேன். நான்கு நாள் ஆனது.

ஃபோர்க்கை எல்லாருக்கும் திறந்து வைக்கவில்லை. அடிப்படை வேலையைச் செப்டம்பர் முதல் வாரத்துக்குள் முடிக்கும் அணிகளுக்கு மட்டும், அதுவும் கூடுதல் மதிப்பெண்ணுடன். மாற்றக் கேள்வியை அடிப்படை வேலையின் முடிவிலேயே ஒருமுறை சிறிய அளவில் வைக்கிறோம். நிரலை வெளியிலிருந்து கொண்டுவருபவர்கள் அப்போதே திரும்பி வர நேரம் இருக்கும்.

மடிக்கணினி இல்லாதவர்களுக்கு நாலரை மணிப் பேருந்து இன்னும் ஒரு தடைதான். சனிக்கிழமை லேபைத் திறக்க அனுமதி கேட்டு எழுதியிருந்தோம். மதியம் ஒரு மணி வரை திறக்கலாம் என்று ஜூலையில் பதில் வந்தது. முதல் சனிக்கிழமை பதினொரு பேர் வந்திருந்தார்கள்.